கதவு களவு போன ஊர்

காயத்தின் மேல் சுற்றும் துணி எந்த ஊரில் நெய்யப்படுகிறது என்று யாரும் கேட்பதில்லை. மலேசியாவில், கிள்ளான் நகரத்தில், கிளினிக்குகளுக்குச் சாமான் கொடுக்கும் கடை வைத்திருக்கிற நானே வெகுகாலம் கேட்டதில்லை. பெட்டி வரும், பிரிப்போம், அடுக்குவோம், விற்போம். இந்த வருடம் வந்த சரக்கில் நூல் பிரிந்து காயத்தில் ஒட்டுகிறது என்று கிளினிக்குகள் திருப்பி அனுப்பத் தொடங்கின. இனி வாங்குவதாக இருந்தால் தறியையே நேரில் பார்த்துவிட்டு வாங்குவது என்று தீர்மானித்துத்தான் இராஜபாளையத்துக்குக் கிளம்பினேன். எனக்கும் அந்த ஊருக்கும் வேறு சொந்தம் கிடையாது. என் தாத்தா கப்பலேறியது நாமக்கல் பக்கத்திலிருந்து.

மதுரையில் செங்கோட்டை போகிற ரயிலில் ஏறினேன். எங்கள் ஊர் ரயிலில் பக்கத்தில் இருப்பவரின் முகத்தை நான் பார்த்ததே இல்லை. எல்லார் முகமும் போனுக்குள் இருக்கும். இங்கே திருமங்கலம் தாண்டுவதற்குள் எதிரே இருந்த அம்மாள் என் வயது, பிள்ளைகள், எனக்குச் சர்க்கரை உண்டா என்பதுவரை கேட்டுத் தெரிந்துகொண்டார். இல்லை என்றதும் ஒரு பொட்டலத்தைப் பிரித்துக் கருப்பட்டி மிட்டாயை என் கையில் வைத்தார்.

"மலேசியாவுல இது கெடைக்குமா?"

"கிடைக்காதுங்க."

"பொறவு எதுக்கு அங்க இருக்கீக?"

வாயில் மிட்டாய் இருந்ததால் பதில் சொல்லாமல் தப்பித்தேன்.

துணி நெய்கிற இடத்துக்குள் நுழைந்ததும் எனக்குக் காது போய்விட்டது. தறிகள் போடுகிற சத்தத்தில் யார் பேசுவதும் கேட்காது. அங்கே வேலை செய்கிற பெண்கள் கையாலும் புருவத்தாலும் பேசிக்கொண்டார்கள். தறிக்கூடத்தைத் தாண்டினால் துணியை வெளுக்கிற தொட்டிகள். அந்தக் காரமான வாடை கண்ணில் ஏறியது. கடைசியில் துணியை வெட்டி, மடித்து, பொட்டலம் கட்டுகிற கூடம். அதற்கு மேற்பார்வை முத்துலட்சுமி என்ற பெண். நாற்பது வயதிருக்கும். ஒரு துண்டை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து, "இழுத்துப் பாருங்க மேடம்" என்றார். இழுத்தேன். "இன்னும் நல்லா இழுங்க, அது என்ன ஒங்க மாமியார் சேலையா, பயப்படுதீக?" என்றார். நூல் பிரியவில்லை. எனக்கு அந்தத் துணியையும் பிடித்தது, அந்த அம்மாளையும் பிடித்தது.

மதியம் முதலாளி வெங்கடேசன் வீட்டில் சாப்பாடு. இராஜபாளையத்தில் ஆட்டுக்கறி பிரமாதமாக இருக்கும் என்று யாரோ சொல்லக் கேட்டு நாக்கைத் தயாராக வைத்திருந்தேன். இலையில் விழுந்தது கத்தரிக்காயும் பருப்பும். புரட்டாசி மாதம், வீட்டில் மீன், கறி, முட்டை எதுவும் நுழையாது. நான் முகத்தை ஒழுங்காகத்தான் வைத்திருந்தேன் என்று நினைத்தேன். ஆனால் முதலாளியின் மனைவி அவரிடம் தெலுங்கில் மெதுவாகச் சொன்னார்: "பாவம், கறி கிடைக்கும்னு நம்பி வந்த முகமா இருக்கு. ஒரு கரண்டி நெய் கூட ஊத்துறேன்." கிள்ளானில் என் பக்கத்து வீட்டுக்காரர்கள் தெலுங்கர்கள். முப்பது வருட வேலிப் பேச்சில் எனக்கு அந்த மொழி புரியும். "ரெண்டு கரண்டியா ஊத்துங்க" என்று தெலுங்கிலேயே சொன்னேன். அந்த அம்மாள் கரண்டியைப் போட்டுவிட்டுச் சிரித்த சிரிப்பில் வெங்கடேசனுக்குப் புரையேறிவிட்டது.

சாப்பிட்டு முடித்ததும்தான் குண்டைப் போட்டார்கள். மறுநாள் முதல் இரண்டு நாள் வேலை கிடையாது. வேலையாட்களில் பாதிப்பேர் வத்திராயிருப்புப் பக்கத்துக் கிராமத்துக்காரர்கள், ஊரில் உறியடி. எனக்கு எரிச்சலாக வந்தது. கடல் தாண்டி வந்திருக்கிறேன். நாளை மறுநாள் இரவு மதுரையில் விமானம் ஏற வேண்டும். முன்கூட்டியே சொல்லியிருக்கக் கூடாதா? வெங்கடேசன் தலையைச் சொறிந்தார். "நோட்டீசு ஒட்டியிருந்துச்சே" என்றார்.

முத்துலட்சுமிதான் வழி சொன்னார். "லாட்ஜுல தனியா உக்காந்து மோட்டுவளையப் பாக்கப் போறீகளா? எங்கூட வாங்க. எங்க ஊரு உறியடியப் பாத்துட்டு அப்படியே மதுரைக்குப் போகலாம்."

மறுநாள் காலை திருவில்லிபுத்தூரில் இறங்கி ஆண்டாளைப் பார்த்தோம். கோபுரத்தை அண்ணாந்து பார்த்ததில் கழுத்து வலித்தது. சன்னிதியில் இலைகளால் செய்த கிளியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றவளைப் பார்த்தபோது, கல்யாணத்துக்கு அவசரப்படும் வீட்டுப் பெண் மாதிரிதான் தெரிந்தாள். முத்துலட்சுமி கன்னத்தில் போட்டுக்கொண்டு சொன்னார்: "சாமிக்குக் கட்டுன மாலைய முதல்ல தான் போட்டு அழகு பாத்துட்டுக் குடுத்தவ இவ. எங்க பக்கத்துப் பிள்ளைக சேட்டைக்கு யார்ட்டப் போயி முறையிட? சாமியே சேட்டக்காரி."

வெளியே வந்து பால்கோவா வாங்கினோம். கடைக்காரர் வாழையிலையில் சூடாக ஒரு உருண்டையை வைத்து நீட்டினார். எங்கள் ஊரில் இதே பெயரில் டப்பாவில் ஒன்று விற்கிறது. அதைப் பற்றி இனி நான் பேசப்போவதில்லை.

கூமாப்பட்டி போகும் பாதையில் மினி பஸ். ஊரின் பெயரை எழுத வேண்டாம் என்று முத்துலட்சுமி கேட்டுக்கொண்டதால் எழுதவில்லை. காரணம் போகப்போகப் புரியும். பஸ்ஸில் எனக்கு இடம் கிடைத்தது. ஆனால் நின்றுகொண்டிருந்த ஒருவர் என்னை ஒரு வார்த்தை கேட்காமல் ஒரு தயிர்ப்பானையை என் மடியில் வைத்துவிட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டார். நான் திகைத்து நிமிர்ந்ததும், "சாஞ்சிராமப் பிடிங்க, சாமிக்கு" என்றார். பிடித்தேன்.

ஊர் எல்லையில் பஸ் நின்றது. சாலையின் குறுக்கே ஒரு மாட்டு வண்டி, மாடு இல்லாமல். வண்டியோட்டியின் இடத்தில் வைக்கோல் பொம்மை ஒன்று காக்கிச் சட்டை போட்டு, வாயில் பீடியோடு உட்கார்ந்திருந்தது. எங்கள் டிரைவர் எட்டிப் பார்த்தார். நடத்துநர் மெதுவாகச் சொன்னார்: "அண்ணே, ஒங்க சட்டைண்ணே அது."

டிரைவரின் சட்டைதான். காலையில் கொடியில் காயப்போட்டதாம். அவர் கோபத்தில் கத்தப்போகிறார் என்று பானையை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். மனிதர் இறங்கி, பொம்மையின் முன்னால் போய், விறைப்பாக ஒரு சல்யூட் அடித்தார். கரும்புக் கொல்லைக்குள்ளிருந்து சிரிப்பு வெடித்தது. ஏழெட்டு இளவட்டங்கள் ஓடிவந்து வண்டியைத் தள்ளிவிட்டு வழிவிட்டார்கள். சட்டையை மட்டும் கொடுக்கவில்லை.

"நாளைக்கு மந்தையில வந்து வாங்கிக்கிடணும்" என்று முத்துலட்சுமி விளக்கினார். மந்தை என்பது கோயிலுக்கு முன்னால் உள்ள ஊர்ப் பொட்டல். "எங்க ஊருல இதுக்கு வெண்ணெக் களவுன்னு பேரு. மத்த ஊருல உறியடி ஆவணியில முடிஞ்சிரும். திருப்பூரு, கோயமுத்தூருன்னு வேலைக்குப் போன பிள்ளைகளுக்கு லீவு தோதுப்படணும்னு நாங்க புரட்டாசிக்குத் தள்ளிட்டோம். உறியடி அன்னைக்கு இளவட்டங்க எந்த வீட்டுலயும் எதையும் தூக்கலாம். கண்ணன் வெண்ணெ திருடுன கணக்கு. மறுநாள் அவுக சொல்லுத கூத்த ஆடிட்டுப் பொருள வாங்கிக்கிடணும். யாரும் கோவிச்சுக்கிடக் கூடாது."

"எதையும் என்றால்?"

"எளவு விழுந்த வீடு, பிள்ள பெத்த வீடு, ரெண்டுக்கும் போகக் கூடாது. ஆடு மாடு, மருந்து மாத்திரை, அடுப்புல இருக்குத சோறு, இதையெல்லாம் தொடக் கூடாது. மத்தது அம்புட்டும் கண்ணனுக்குச் சொந்தம். இன்னைக்கு ஒரு வீட்டையும் பூட்டக் கூடாது, தெரியும்லா?"

எனக்குத் தெரியாது. என் பெட்டிக்குள் பாஸ்போர்ட் இருக்கிறது என்பது மட்டும் தெரியும்.

கிள்ளானில் இதே நாட்களில் சீனர்களின் விளக்குத் திருவிழா நடக்கும். பிள்ளைகள் தாள் விளக்குகளை ஏந்தி வரிசையாகப் போவார்கள். மிஞ்சிப்போனால் ஒருவன் இன்னொருவன் விளக்கை ஊதி அணைப்பான். அடுத்தவன் வீட்டுக்குள் போனால் போலீஸ் வரும். நான் பிறந்த ரப்பர்த் தோட்டத்தில் தீபாவளிக்கு முதல் நாள் பையன்கள் கணக்கெழுதுகிற கிராணியின் மோட்டார் சைக்கிளில் தகர டப்பாக்களைக் கட்டிவிடுவார்கள். அதற்கே ஒரு வாரம் விசாரணை நடக்கும். ஊரே சேர்ந்து ஒருநாள் திருட்டுக்கு உத்தரவு கொடுத்து நான் கேள்விப்பட்டதில்லை.

முத்துலட்சுமியின் வீடு ஒரே ஓட்டுக்கூரையின் பாதி. மறுபாதி அவர் கணவரின் அண்ணனுடையது. இரண்டுக்கும் நடுவே ஆள் ஒருவர் நடக்கிற அகலத்தில் ஒரு முடுக்கு, தெருக்குழாய்க்குப் போக. அந்த முடுக்கின் நடுவில் பச்சைப் பெயின்ட் அடித்த இரும்புக் கதவு, பெரிய பூட்டோடு. குடத்தை எடுத்துக்கொண்டு முத்துலட்சுமி வீட்டின் பின்பக்கமாகச் சுற்றிப் போவதைப் பார்த்தேன். "இப்படிப் போகலாமே" என்றேன். "அந்தப் பக்கம் போக்குவரத்து இல்ல" என்றதோடு நிறுத்திக்கொண்டார். அவர் கணவர் தங்கராசு, நூல் மில்லுக்கு லாரி ஓட்டுகிறவர், தரையைப் பார்த்தார். கல்லூரியில் படிக்கிற மகள் கவிதா என்னைப் பார்த்தாள், கதவைப் பார்த்தாள், உள்ளே போய்விட்டாள்.

வெயில் சாயத் தொடங்கியதும் மந்தைக்குப் போனோம். உயரமான கம்பத்திலிருந்து கயிற்றில் உறிப்பானை தொங்கியது. ஒருவர் கயிற்றை இழுத்து இழுத்துப் பானையை ஏற்றி இறக்க, கம்போடு துள்ளுகிற பையனின் முகத்தில் மற்றவர்கள் நாலு பக்கமும் தண்ணீரை வீசி அடித்தார்கள். கண்ணைத் திறக்க முடியாமல் அவன் காற்றை அடித்துக்கொண்டிருந்தான். பக்கத்தில் வழுக்கு மரம். விளக்கெண்ணெயும் கற்றாழைச் சாறும் பூசியது. ஒருவன் தோளில் ஒருவன் ஏறுவதும் குவியலாகச் சரிவதுமாக இருந்தார்கள். பெண்கள் கூட்டம் தனியாக மஞ்சள் தண்ணீரோடு முறை மாப்பிள்ளைகளைத் துரத்தியது. எனக்கு அங்கே முறை யாரும் இல்லை. ஆனாலும் நனைந்தேன். ஊற்றிய பெண்ணிடம் "நான் விருந்தாளி" என்றேன். "அதான் சின்னச் செம்புல ஊத்துனேன்" என்றாள்.

பானை உடைந்தது. மடியில் நான் சுமந்துவந்த தயிர் ஊரின் தலையில் கொட்டியது. அந்தக் கூச்சலில், இளவட்டங்களில் பாதிப்பேர் மந்தையில் இல்லை, கவிதாவும் இல்லை என்பதை யாரும் கவனிக்கவில்லை.

பொழுது அடைந்து வீடு திரும்பினால், கட்டில் இல்லை. மிக்ஸி ஜார் இல்லை. தங்கராசுவின் செருப்பில் ஒன்று மட்டும் இருந்தது. சாமி படத்துக்குக் கீழே நான் வைத்திருந்த பெட்டி இல்லை. நான் "பாஸ்போர்ட்!" என்று அலறினேன். தங்கராசு சிரித்துக்கொண்டே, "பத்திரமா இருக்கும் மேடம், களவாணிப் பயலுகள்ல ஒருத்தன் போலீஸ் வேலைக்கு எழுதியிருக்கான்" என்றார்.

அதற்குள் முடுக்கிலிருந்து முத்துலட்சுமியின் குரல். அது சிரிக்கிற குரல் இல்லை. "ஏட்டி கவிதா! இங்க வாட்டி!"

ஓடிப்போய்ப் பார்த்தோம். முடுக்கில் கதவு இல்லை. கீல்கள் சுவரில் வளைந்து நின்றன. இந்தப் பக்கத்திலிருந்து பார்த்தால் அந்தப் பக்கத்து வாசல், விளக்கு, அங்கே மரம் போல நின்றுகொண்டிருந்த பெரியவர், அவர் மனைவி, எல்லாம் தெரிந்தது. பெரியவர் குருசாமி, தங்கராசுவின் அண்ணன். இரண்டு குடும்பமும் ஒருவரையொருவர் ஒரு கணம் நேருக்கு நேர் பார்த்தார்கள்.  குருசாமி உள்ளே போய்விட்டார்.

அன்று பாயில் உட்கார்ந்து முத்துலட்சுமி சொன்னதுதான் கதை. கவிதாவின் சடங்குக்குப் பத்திரிகை அடித்தபோது, அச்சகத்தில் குருசாமியின் பெயரை முத்துலட்சுமியுடைய தம்பியின் பெயருக்குக் கீழே போட்டுவிட்டார்கள். பெரியப்பா என்கிற முறையில் முதலில் நிற்க வேண்டிய பெயர். யாரும் வேண்டுமென்று செய்யவில்லை; யாரும் சரிபார்க்கவும் இல்லை. குருசாமி சடங்குக்கு வரவில்லை. அடுத்த மாதம் முடுக்கில் கதவு போட்டுப் பூட்டிவிட்டார். அதற்குப் பிறகு தம்பியின் பெயரை அவர் வாயால் சொன்னதே இல்லை. யாராவது கேட்டால் "அந்த வீட்டுக்காரன்" என்பாராம்.

"ஒரு விசேசத்துக்கும் ஒண்ணாப் போகல. அவிய வீட்டுல காய்ச்சல்னாக்கூட மூணாவது ஆள் சொல்லித்தான் எங்களுக்குத் தெரியும். இப்பக் கதவத் தூக்கிருக்காளே பாவி, அவரு நாங்க ஏவி விட்டதாத்தான நெனைப்பாரு?" என்று முத்துலட்சுமி மகளைப் பார்த்தார். கவிதா தலையணையை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

காலையில் மந்தைக்குப் போனால், சந்தை மாதிரிக் கிடந்தது. கட்டில்கள், ஒரு கலப்பை, சைக்கிள்கள், ஆட்டுக்கல் குழவி, ஒரு வீட்டு டிஷ் ஆன்டெனா, டிரைவரின் சட்டை. நடுவில் வேப்பமரத்தில் சாய்த்துவைத்த பச்சைக் கதவு. ஊர் முழுக்க அதை ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டிருந்தது.

ஒவ்வொருவராகக் கூத்து ஆடிப் பொருளை மீட்டார்கள். பஞ்சாயத்து வேலை பார்க்கிறவர் சேவல் மாதிரிக் கூவினார். ஒரு புதுமாப்பிள்ளை மாமியாரின் பெயரை மூன்று தடவை சத்தமாகச் சொல்ல வேண்டியிருந்தது. மாமியார் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார். என் முறை வந்தது. என் பெட்டியின் மேல் ஏறி உட்கார்ந்திருந்தவன் அருண். திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலை பார்க்கிறவன், குருசாமியின் மகன் என்று பக்கத்தில் ஒருத்தி சொன்னாள்.

"அத்தே, ஒங்க ஊரு பாசையில எங்களத் திட்டுங்க. நல்லாத் திட்டுனாப் பெட்டி."

"பெஞ்சூரி!" என்று கத்தினேன். மலாய் மொழியில் திருடன் என்று அர்த்தம். சொல்லிக்கொடுத்ததும் மந்தையே எடுத்துக்கொண்டது. "பெஞ்சூரி! பெஞ்சூரி!" என்று ஒருவனையொருவன் கூப்பிட்டுக்கொண்டார்கள். பெட்டி கைக்கு வந்தது. பாஸ்போர்ட்டைத் தடவிப் பார்த்தபிறகுதான் நானும் சிரித்தேன்.

கதவு மட்டும் மிச்சமிருந்தது. உச்சிப் பூசை மணி அடிக்கும்வரை கேட்டு வராத பொருள் கோயிலுக்குப் போய்விடும் என்பது ஊர் வழக்கம். வரமாட்டார் என்றுதான் எல்லாரும் பேசிக்கொண்டார்கள். வந்தார். வெளுத்த வேட்டி, துண்டு, நிமிர்ந்த நடை. கூட்டம் தானாகவே வழிவிட்டது.

"கதவக் குடுங்கல."

அருண் தலையைக் குனிந்துகொண்டான். மற்ற பையன்கள் ஒருவர் முதுகுக்குப் பின்னால் ஒருவர் போனார்கள். கவிதாதான் முன்னால் வந்தாள். கதவின் மேல் ஒரு கையை வைத்துக்கொண்டாள்.

"தாரோம் பெரியப்பா. எல்லாரும் ஆடுன மாதிரி நீங்களும் ஒண்ணு செய்யணும். கதவத் தூக்க ரெண்டு ஆள் வேணும்லா? எங்க அப்பாவப் பேரு சொல்லிக் கூப்பிடுங்க. ஒரே ஒரு தடவ."

 கூட்டத்தில் எனக்குச் சற்றுத் தள்ளி நின்ற தங்கராசு தலையை நிமிர்த்தவே இல்லை. குருசாமியின் தாடை அசைந்தது. அசைந்து நின்றது.

"வெளையாட்டு வெளையாட்டா இருக்கணும் புள்ள" என்றார். "கதவக் கோயிலுக்கே வச்சுக்கங்க. செங்கலுக்கா பஞ்சம்? நாளைக்கே செவுரு எழுப்புதேன்."

திரும்பி நடந்துவிட்டார். கதவென்றால் என்றைக்காவது திறக்கலாம். சுவர் என்றால்? அந்தக் கேள்வி மந்தையில் நின்ற எல்லார் முகத்திலும் இருந்தது. கூட்டம் சத்தமில்லாமல் கலைந்தது.

வீட்டுக்கு வந்ததும் முத்துலட்சுமி மகளின் தோளில் ஓங்கி ஒன்று வைத்தார். "இருந்ததையும் கெடுத்துட்டியேட்டி! பெரிய மனுசி மாதிரி ஊர் முன்னால அவர நிக்க வச்சியே!" தங்கராசு கிணற்றடிக்குப் போய்விட்டார். கவிதா அழுதுகொண்டே என் பெட்டியின் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"அருணண்ணனும் நானும் இத்தன வருசமா வீட்டுக்குத் தெரியாமப் போன்ல பேசிக்கிட்டுத்தான் இருக்கோம். ரெண்டு பேருந்தான் பிளான் போட்டோம்" என்றாள். "எஞ்சடங்குலதான ஆரம்பிச்சுது எல்லாம். எந்த விசேசத்துக்குப் போனாலும், இந்தப் பிள்ள சடங்குலதான் அண்ணந்தம்பி பிரிஞ்சாகன்னு சொல்லுவாக. நான் என்ன பண்ணேன், சொல்லுங்க?"

 பால்கோவா பொட்டலத்தைப் பிரித்து அவளிடம் கொடுத்தேன். அழுதபடியே ஒரு விள்ளல் எடுத்துத் தின்றாள். அந்த வயதில் அழுகையும் தின்பதும் ஒன்றாக முடிகிறது.

நான் கிளம்ப வேண்டும் என்பதால் உச்சிக்கு முன்பே மதியச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்தோம். எனக்குத் திருவில்லிபுத்தூர்வரை போக ஆட்டோ சொல்லியாகிவிட்டது; அது வாசலில் வந்து நின்று ஹாரன் அடித்துக்கொண்டிருந்தது. தங்கராசு சோற்றைப் பிசைந்தபடியே இருந்தார், வாய்க்குப் போகவில்லை. கதவில்லாத முடுக்கு வழியாக அந்தப் பக்கத்துத் தட்டுச் சத்தம்கூட இங்கே கேட்டது.  எங்கள் சத்தமும் அங்கே கேட்டிருக்க வேண்டும்.

அப்போது முடுக்கிலிருந்து ஒரு இருமல். பிறகு ஒரு குரல், பக்கத்து அறையில் இருப்பவரைக் கூப்பிடுகிற அளவுக்குத்தான் சத்தம்.

"ஏலே தங்கராசு."

 முத்துலட்சுமியின் கையில் கரண்டி அந்தரத்தில் நின்றது.

"தங்கராசு. மணி அடிக்கப் போகுதுல. ஒத்த ஆளாத் தூக்க முடியல. செத்த நேரம் வந்துட்டுப் போ."

தங்கராசு எழுந்தார். கை கழுவவில்லை. சோற்றுக் கையோடு, காலையில்தான் மீட்டுவந்த செருப்பைக்கூடப் போடாமல் முடுக்குக்குள் ஓடினார். "வாரேண்ணே" என்பது மட்டும் கேட்டது. 

நாங்களும் சாப்பாட்டை விட்டுவிட்டுத் தெருவுக்கு வந்தோம். ஆட்டோக்காரர் ஹாரனை நிறுத்திவிட்டு இறங்கி நின்றார். மந்தையிலிருந்து இரண்டு பேரும் கதவைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். முன்னால் அண்ணன், பின்னால் தம்பி. ஊர் முன்னால் சொல்லாததை வீட்டு முடுக்கில் சொல்லிவிட்டு, ஊர் முன்னாலேயே அவர் தம்பியோடு நடந்து வந்தார். கதவின் பச்சைப் பெயின்டில் தங்கராசுவின் சோற்றுக்கை ஒட்டியிருந்தது. "மெல்லலே, கால்ல போட்டுக்கிடாத" என்று அதட்டிக்கொண்டே வந்தார் குருசாமி. பின்னால் வந்த இளவட்டங்கள் ஒருவரும் கூச்சல் போடவில்லை. போட்டால் கெட்டுவிடும் என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

முடுக்கில் கதவை மாட்டிப் பார்த்தார்கள். உட்காரவில்லை. பிள்ளைகள் சுத்தியலால் அடித்துக் கழற்றியதில் கீல் வளைந்திருந்தது. குருசாமி அருணையும் கவிதாவையும் ஒரு பார்வை பார்த்தார். "களவாங்குததுக்கும் ஒரு நேக்கு வேணும்ல. கீலக் கெடுத்து வச்சிருக்கீகளே" என்றார். கவிதா அழுத கண்ணோடு சிரித்துவிட்டாள். கதவைச் சுவரில் சாய்த்து வைத்தார்கள்.

அதுவரை தன் வாசலில் நின்றிருந்த குருசாமியின் மனைவி முடுக்குக்குள் இரண்டடி எடுத்து வைத்தார். முத்துலட்சுமியைப் பார்த்து, நேற்றுப் பேச்சு நின்ற இடத்திலிருந்து தொடர்வது போலக் கேட்டார்: "என்ன கொழம்பு வச்ச?"

"புளிக்கொழம்புக்கா" என்றார் முத்துலட்சுமி.  உள்ளே ஓடி ஒரு கிண்ணத்தில் குழம்பை ஊற்றிக்கொண்டு வந்தார். கொடுக்கும்போது பாதி சிந்தியது.

நான் ஆட்டோவில் ஏறும்போது என் கைகளில் அந்த வீட்டு வெண்டைக்காய்ப் பொரியல் ஒரு பொட்டலம், இந்த வீட்டு எலுமிச்சை சாதம் ஒரு பொட்டலம். எங்கள் ஊரில் இதற்குத் தாப்பாவ் என்று பெயர்; கடையில் வாங்குவோம். மதுரை போய்ச் சேரும்வரை இரண்டையும் மாற்றி மாற்றிச் சாப்பிட்டேன்.

துணிக்கு ஆர்டர் கொடுத்துவிட்டேன். சரக்கு கிளம்பும்போது முத்துலட்சுமிதான் போன் செய்வார். எத்தனை பெட்டி, எந்தக் கப்பல் என்று எல்லாம் பேசி முடித்ததும் நான் கடைசியாக ஒன்று கேட்பேன். போன வாரமும் கேட்டேன்.

"கதவை மாட்டியாச்சா?"

"எங்க மேடம்? கீலச் சரி பண்ண வெல்டர் வரணும்லா" என்றார். பின்னால் யாரோ பெண்கள் சேர்ந்து சிரிக்கிற சத்தம் கேட்டது. "அவரு தம்பி சொல்லுவான்னு இருக்காரு, இவரு அண்ணன் சொல்லுவாருன்னு இருக்காரு. இன்னும் ஒருத்தரும் வெல்டர்ட்டச் சொல்லல."